அடைப்பு அறையில் கேட்ட மூச்சு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏணி சாய்க்கவும் வலை கட்டவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். சந்துக்குள் நுழைத்துப் பார்க்கிற குழாய்க் கேமராவெல்லாம் வைத்திருக்கிறீர்கள். நான் நல்லபடியாகச் செய்த வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி விடுவீர்கள் என்பதும் தெரியும். அதனால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

நம் தொழிலின் பெயர் என்னவென்று என் வீட்டுக்காரிக்கே இன்றுவரை தெரியாது. பழைய வீடுகளில் குடியேறிவிட்ட மரநாய், வௌவால், ஆந்தை, உடும்பு ஆகியவற்றை அடிக்காமல், கொல்லாமல் வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி வராதபடி வழியை அடைக்கிறோம். இதைக் கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவது? மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் வீட்டுக்காரி “எலெக்ட்ரீசியனுங்க” என்று சொல்லி முடித்துவிட்டாள். பொய்யும் இல்லை. பழைய வீடுகளில் ஒயரிங் செய்ய மச்சில் ஏறி ஏறித்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

நம்மைக் கூப்பிடுகிறவர்களில் பலர் முதலில் பூசாரியைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள். காரமடைப் பக்கம் ஒரு வீட்டில், மச்சின்மேல் யாரோ கோலி விளையாடுவதாகச் சொல்லி ஒரு குடும்பமே கூடத்தில் சேர்ந்து படுத்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், காயப்போட்டிருந்த பாக்கை மரநாய் உருட்டிக்கொண்டிருந்தது. இப்படி எல்லாச் சத்தத்துக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தத் திமிரோடுதான் கிணத்துக்கடவு வேலைக்கும் போனேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. ஒருநாள் காலையில் வாட்ஸப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டேன். ஒரு மூச்சு இழுத்தது, நின்றது, பிறகு கரகரவென்று விட்டது. மறுபடி இழுத்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “யாருக்கு முடியலை?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அனுப்பியவரே கூப்பிட்டுவிட்டார்.

“ஏனுங்க, கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க. யாருக்குங்க வீசிங்?”

“எங்கப்பாவுக்குங்க.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கில்லீங்க கூட்டிட்டுப் போகோணும்? என்கிட்ட எதுக்குங்க?”

அவர் எழுந்து வெளியே நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். “அப்பா தவறிப்போயி மூணரை மாசமாச்சுங்க. இது நேத்துப் பொழுதோட அவரு ரூமுக்குள்ள இருந்து வந்த சத்தமுங்க.”

அவர் பெயரைக் கதிர்வேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு மில் நடத்துகிறவர். தோப்புக்கு நடுவே ஓடு வேய்ந்த பழைய வீடு. அவருடைய அப்பா இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அது அடைப்பு நட்சத்திரம் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உயிர் போன அறையை ஆறு மாதத்துக்குப் பூட்டி வைப்பார்கள். தினமும் பொழுது சாயும்போது கதவுக்கு வெளியே ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. போன உயிர் வாசல் வழியாகத் திரும்பி வரக் கூடாது என்று, கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் இரண்டு ஓடுகளைக் கழற்றி வழிவிட்டிருந்தார்கள். அந்த வழியில் ஒரு ஆள் நுழைய முடியாது. ஆனால் ஆந்தை நுழையலாம்.

போனவுடனே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஓட்டுச் சரிவில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. வெளியே தரையில் எலி மயிரும் எலும்பும் சுருண்ட, கக்கிய உருண்டைகள் கிடந்தன. கூகை. முகம் வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும், ஊரில் சாக்குருவி என்று பயப்படுவார்களே, அந்த ஆந்தை.

விளங்காமல் போன மறுபாதியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூகைக் குஞ்சுகள் இரை கேட்கும்போது இழுப்பு வந்தவர் மூச்சு விடுவது போலவே சத்தம் போடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கதிர்வேலிடம், “இந்தச் சத்தம் எப்ப இருந்துங்க?” என்று கேட்டேன்.

“அம்மா மொத நாள்ல இருந்தே கேக்குதுன்னு சொல்றாங்க. நாங்கதான் நம்புல. இப்ப ஒரு மாசமா எங்களுக்கே கேக்குதுங்க.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். குஞ்சு கூட்டில் இருப்பது இரண்டு மாதம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். இங்கே மூணரை மாதமாகச் சத்தம் கேட்கிறது. அப்படியானால் குஞ்சுகள் பறந்திருக்க வேண்டும், இப்போது கேட்பது பகலில் வந்து படுக்கும் பெரிய பறவைகளின் சத்தம் என்று முடிவு கட்டினேன்.

இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றடி தள்ளி அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறுபதைத் தாண்டியவர், பெயர் ருக்குமணி. மூணரை மாதமாகச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த நாற்காலியில்தான் என்று மகன் தாழ்ந்த குரலில் சொன்னார். “அப்பா உள்ளார இருக்கறாருன்னே அம்மா நெனச்சுட்டிருக்கறாங்க. சத்தம் நின்னா எந்திரிச்சு வந்து சோறு உண்பாங்க. எப்படியாச்சும் நிறுத்திக் குடுங்க. சம்சாரத்துக்கு ஏழு மாசமுங்க. பயந்துக்கிட்டு அவுங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா.”

எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் பாவமாக இருந்தது. பாவப்படும்போது கை அவசரப்படும்.

கூரையில் ஏறினேன். நான் ஓட்டில் கால் வைத்தவுடனே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கழற்றிய ஓட்டு வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ இருட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன், அன்று மட்டும் உடம்பு சிலிர்த்தது. கட்டிலில் விரித்த போர்வை அப்படியே இருந்தது. தலையணையில் தலை அழுந்திய பள்ளம். ஸ்டூலின்மேல் மூக்குக் கண்ணாடியும் மூச்சு மருந்துக் குப்பியும் இருந்தன. ஒருவர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. சுவரோரம் ஒரு பரண், அதில் பித்தளை அண்டாக்கள். அண்டாக்களுக்குப் பின்னால் எனக்குத் தெரியவில்லை. பறவையோ குஞ்சோ கண்ணில் படவில்லை.

கதவைத் திறந்து பரண்மேல் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். திறக்கச் சொல்லிக் கேட்கவும் செய்தேன். “ஆறு மாசம் முடியாம தொறக்கக் கூடாதுங்க” என்றார் கதிர்வேல். நானும் இந்த ஊர்க்காரன்தானே, அடைப்பு அறையைத் திறக்கச் சொல்லி ஒருவரை வற்புறுத்த எனக்கும் வாய் வரவில்லை. உள்ளே நிசப்தமாக இருந்தது. நிசப்தத்தை நம்பினேன். கூரையில் காலடி கேட்டால் குஞ்சுகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பதுங்கும் என்று எத்தனை பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்!

பொழுது இறங்கும்வரை தோப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கூகை வெளியே வந்து பனைமரத்துப் பக்கம் போனது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் போனது. ஏறி, கம்பி வலையை வைத்துக் கட்டி வழியை மூடினேன்.

இறங்கி வந்து அந்த அம்மாவிடம், “ஆந்தைதானுங்க அக்கா. போயிருச்சு. இனிச் சத்தம் வராதுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “வழிய அடச்சுபோட்டீங்களா?”

“அடச்சாச்சுங்க.”

“செரிங்க” என்றார். பிறகு கதவைப் பார்த்தபடி இருந்தார். அந்தச் “செரிங்க”வில் ஏதோ இருந்தது. எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில், மகனுடைய எண்ணிலிருந்து ருக்குமணி அம்மாளே கூப்பிட்டார். “ஏனுங்க, உள்ள மூச்சு வாங்குதுங்க. மொத நாளு பெருசாக் கேட்டுச்சு. இப்ப நின்னு நின்னு வருது. கொறஞ்சுட்டே வருதுங்க.”

கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டேன். பெரிய கூகைக்கு இப்படி மூச்சு வாங்காது. பெரிய பறவை வழி அடைபட்டால் முட்டும், மோதும், கத்தும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது பசி. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன, தாய் தகப்பனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவன் நான். வனத்துறையில் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்து செய்ததைச் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். நண்பர் ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கிணத்துக்கடவு வரைக்கும் அந்த ஒலிப்பதிவு காதை விட்டுப் போகவில்லை.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். இரண்டு நாளாகப் பொழுது சாய்ந்ததும் வெள்ளையாக இரண்டு உருவம் கூரையின்மேல் உட்கார்ந்து, துணியைக் கிழிப்பது போல் கத்துகிறதாம். வழியை அடைத்ததால் பெரியவரின் உயிர் உள்ளே சிக்கிக்கொண்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சாக்குருவி அடுத்த உயிரைக் கேட்கிறது என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். கதிர்வேல் முகம் வெளிறிப்போய் நின்றார்.

நான் யாரிடமும் பேசாமல் ஏறி வலையை அறுத்து எறிந்தேன். டார்ச் அடித்தேன். பரண் விளிம்பில் வெள்ளைத் தூவி ஒட்டியிருந்தது. சத்தம் பரணில் இல்லை. கீழே, கட்டிலுக்கு அடியில் கேட்டது. இரை தேடித் தடுமாறிக் குஞ்சுகள் பரணிலிருந்து விழுந்திருக்கின்றன. ஒரு மூச்சு இழுத்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். அடுத்தது வர ரொம்ப நேரமாயிற்று.

இறங்கி கதிர்வேலிடம் சொன்னேன். “தப்பு என்னுதுங்க. உள்ள குஞ்சுக கெடக்குது. கதவத் தொறக்கோணுங்க.”

அவர் கதவில் முதுகை வைத்துக்கொண்டார். “முடியாதுங்க. என் சம்சாரத்துக்கு ஏழு மாசம். அடைப்ப நடுவுல தொறந்து நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பெடுத்துக்குவீங்களா?”

என்ன சொல்வீர்கள்? ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று பேசிவிடலாம். நான் அந்த மனிதரைப் பார்த்தேன், இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறக்காத பிள்ளைக்காகப் பயப்படுகிறவரிடம் வாதம் செய்ய எனக்குத் தெரியாது. அதுவும் முதல் முறை உறுதியாகச் சொல்லித் தவறியவன் நான். “கூரையப் பிரிச்சு, ஓட்டுக்கு அடியில இருக்கற ரீப்பர்க் கட்டைய அறுத்து எறங்கிப் பாக்கறேனுங்க. பொழுதாயிரும். அதுவரைக்கும் உசுரு தாங்குமான்னு தெரியலீங்க” என்று உள்ளதைச் சொன்னேன்.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. ருக்குமணி அம்மாள் எழுந்து நின்றிருந்தார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். மூணரை மாதமாக அது அவரிடமேதான் இருந்திருக்கிறது.

“தள்ளு கண்ணு.”

“அம்மா, வேண்டாமுங்கம்மா.”

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. பக்கத்து ரூமுல நான் படுத்திருந்தேன். எந்நேரமும் இழுக்கறதுதானேன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். நின்னு நின்னு வந்துச்சு. கொறஞ்சுட்டே வந்துச்சு. எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறக்குல.” அவர் குரல் உயரவே இல்லை. “இன்னொருக்கா என்னையக் கேட்டுட்டே உக்காரச் சொல்றயா? எம் பேரப்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு சீவன் மூச்சு வாங்கறத வெளிய நின்னு கேட்டா அதுதான் ஆவாது. தள்ளு.”

கதிர்வேல் அழுதபடி நகர்ந்தார். சாவி இரண்டு முறை சுற்றியது. உள்ளிருந்து வந்த காற்றில் எச்ச நாற்றத்தோடு மருந்து வாசனையும் இருந்தது.

கட்டிலுக்கடியில் மூன்று குஞ்சுகள். ஒன்று இறந்து விறைத்திருந்தது. இன்னொன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது. மூன்றாவது, பெரியது, டார்ச் வெளிச்சத்தில் தன் வெள்ளை முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே ஒரு மூச்சு இழுத்தது. கதிர்வேல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மூச்சு அவருடைய அப்பாவுடையதுதான், அப்படி ஒரு ஒற்றுமை.

கறிக்கடையில் பச்சைக் கறி வாங்கிவரச் செய்து, நுணுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். ருக்குமணி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் குஞ்சைத் துணியில் பொதிந்து பிடித்துக்கொண்டார். பலகைப் பெட்டி ஒன்றைப் பரணில் வைத்து, இரண்டையும் அதற்குள் விட்டு, எல்லோரும் வெளியே வந்தோம். இனி அந்தத் தாயும் தகப்பனும் மறுபடி வருமா என்பதுதான் மிச்சம். வராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பொழுது இறங்கியது. யாரும் விளக்குப் போடவில்லை. தோப்பிலிருந்து சிறகுச் சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளை உருவம் வந்து கூரையில் உட்கார்ந்தது. வாயில் எலி. வலை இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு உள்ளே இறங்கியது. அடுத்த நொடியில் அறைக்குள் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் பயப்படவில்லை.

இறந்த குஞ்சைத் தென்னை மரத்தடியில் நானே புதைத்தேன். இந்தத் தொழிலில் நான் கொன்றதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தெரியாமல் கொன்றவை எத்தனையோ. அது சின்ன விஷயம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆறு மாதம் முடிந்து, சடங்குகளும் முடிந்த பிறகு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். குஞ்சுகள் பறந்து போயிருந்தன. கழற்றிய ஓடுகளைத் திரும்பப் போட வேண்டும். கதிர்வேலுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நான் போனபோது ருக்குமணி அம்மாள் அதே அறையில், அதே கட்டிலில், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. காப்பி கொடுத்தார்.

எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் கையில் எடுத்த குஞ்சுகளில் மூத்ததற்கே ஐந்து வாரத்துக்கு மேல் வயது இருக்காது. அதற்கு முன்பு ஒரு மாதம் முட்டை. முட்டை மூச்சு விடாது.

“அக்கா, மொத நாள்ல இருந்தே சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்களாம். இந்தக் குஞ்சுகளுக்கு அத்தன வயசு இல்லீங்களே.”

“அது வேறங்க” என்றார், குழந்தையைத் தட்டிக்கொண்டே. “மொதல்ல கேட்டது அவரு. ஒரு மாசம் இருந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு. சுத்தமா ஒண்ணுமில்லாம ஒரு மாசத்துக்கு மேல கெடந்துது. அதுக்கப்பறந்தான் இதுக வந்துது. வந்தப்பவே இது அவரில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. அவரு இழுப்புக்கு நடுவால ஒரு இருமல் வரும். இதுல இருமல் இல்ல. ரெண்டு மூணு கொரலு, மாத்தி மாத்தி, பசியில கேக்கற மாதிரி. ஏதோ புள்ள பெத்த சீவன் உள்ள இருக்குதுன்னு காவலுக்கு உக்காந்திருந்தேன்.”

“அன்னைக்கு நான் அடைக்கறப்பச் சொல்லியிருக்கலாமேங்க அக்கா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க எம் பையனக் கேட்டீங்க. ஓட்டு மேல ஏறிப் பாத்தீங்க. எல்லாஞ் செஞ்சுபோட்டு, அடச்சாச்சுன்னு வந்து சொன்னீங்க. என்னைய எங்கீங்க கேட்டீங்க?”

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும், அந்தச் சத்தத்துக்கு மிகப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் முதலில் போங்கள். புத்தி பேதலித்தவர் என்று மற்றவர்கள் சொன்னாலும் போங்கள். உங்கள் கேமராவைவிட அவர் அதிகம் கேட்டிருப்பார். அந்த முதல் மாதச் சத்தத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் இதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். ஓடுகள் இரண்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன்.

“இப்பக் கேக்கறேனுங்க அக்கா. அடைக்கலாமுங்களா?”

ருக்குமணி அம்மாள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினார். தலையைச் சாய்த்து, கூரைப் பக்கம் காதைக் கொடுத்தார். நானும் அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது.

“அடச்சுருங்க” என்றார். “போக வேண்டியவிய எல்லாம் போயாச்சு.”